ஸ்டேஷன் மாஸ்டர் காரில் கேஸ் நிற்பதில்லை

சனிக்கிழமை வந்தால் அந்தச் சாம்பல் நிறக் கார் வரும். கார் வந்தால் அதன் ஏசியில் கேஸ் இருக்காது.

அன்றும் பட்டறையின் ஷட்டரைத் தூக்கி மாட்டிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஒரே ஒரு முறை, அளவாக. ரயில் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆன பிறகும் ஸ்டேஷன் மாஸ்டர் எந்த வண்டியையும் அறிவிப்பு இல்லாமல் உள்ளே விடுவதில்லை, தன் வண்டி உட்பட.

“உங்கப்பா வந்தாச்சு!” என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான் கூலிங்.

கூலிங் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கார் ஏசியைத் தவிர வேறு எந்த வேலையையும் தொடமாட்டான் என்பதால் தெருக்காரர்கள் வைத்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால் எதிர்ப் பட்டறையைக் கைகாட்டிவிடுவான். கீழே பட்டறை, மேலே வீடு, பக்கவாட்டில் ஓர் இரும்புப் படிக்கட்டு. அதன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, எட்டு மாத வயிற்றைத் தாங்கியபடி நிதானமாக இறங்கி வந்தாள் அவன் மனைவி. பிறந்த வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். புகுந்த வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது.

கார் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து குட்டியின் அம்மா எவர்சில்வர் டப்பாவோடு இறங்கி நேரே மகளிடம் போனாள். ஸ்டேஷன் மாஸ்டர் இறங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பட்டறை வாசல் கோட்டுக்கு வெளியே நின்றார்.

“மெக்கானிக்.”

“வாங்க மாமா.”

“மறுபடியும் வெறும் காத்துதான் வருது.”

“பார்க்கிறேன் மாமா. உள்ள வந்து உட்காருங்களேன். வெயில்…”

“வெயில் எனக்குப் புதுசு இல்ல,” என்று சொல்லிவிட்டு, எதிர்ச்சாரியில் இருந்த பஸ் நிறுத்தத்துப் பெஞ்சுக்குப் போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மகள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஆனால் செய்தித்தாள் தலைகீழாக இருந்ததைக் கூலிங் கவனித்தான்.

இந்தக் கார்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கல் அடித்து ஏசியின் காண்டென்சர் ஓட்டையாகி இங்கே வந்தது. புதிதாக மாற்றிக் கொடுத்து, “ரெண்டு வருஷம் கேரண்டி சார், கேஸ் ஒழுகினா நேரா என்கிட்டயே கொண்டாங்க” என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் வாக்குக் கொடுத்தான் கூலிங். காரை எடுத்துப் போக வந்தவள் மகள், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அடுத்த வாரமே திரும்பி வந்து, “கூலிங் பத்தல” என்றாள். பனிக்கட்டி போல ஜில்லென்று இருந்த காரை அவன் அரை நாள் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லீங்களே” என்றான். மறு வாரமும் வந்தாள். அப்போதும் பிரித்துப் பார்த்தான். அதற்கும் அடுத்த முறை அவள் வண்டியை விட்டு இறங்கும்போதே சிரித்துவிட்டதால்தான் கோளாறு காரில் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.

இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகுதான் வீட்டில் சொன்னார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கத்தவில்லை. “சிக்னல் கேக்காம வண்டியை எடுத்தாச்சு. இனிமே அந்த வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன்” என்றார், அவ்வளவுதான். அவர் மிதிக்காத படியை நான் எப்படி மிதிப்பது என்று அம்மாவும் இருந்துவிட்டாள். மாதங்கள் ஓடின. இந்தக் கோடையில் உண்மையாகவே காரில் கேஸ் இறங்கியது. “உறவு வேற, கேரண்டி வேற” என்று சொல்லிக்கொண்டு அவர் மனைவியோடு காரை இங்கே ஓட்டி வந்தார். பட்டறைக்கு வர வீட்டுப் படியை மிதிக்க வேண்டியதில்லை.

அந்த முதல் தடவை குட்டி கீழே இறங்கி வந்தபோதுதான் அவளுடைய வயிற்றை அவர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் பானெட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், “அவளை நிக்க வேணாம்னு சொல்லு” என்று மனைவியிடம் சொன்னார். அம்மா ஓடிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டாள்.

அன்று கேஸ் ஏற்றும் வால்வின் உள்ளே இருக்கும் சின்னப் பின் தேய்ந்திருந்தது. மாற்றினான். கேஸ் ஏற்றினான். அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதன்பிறகு ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் கேஸ் காலியாகிக் கார் வந்து நிற்கிறது.

“என்ன கூலிங்,” என்று எதிர்ப் பட்டறை பிரேக்காரர் இப்போதும் ஸ்பேனரைத் தட்டிக்கொண்டே குரல் கொடுத்தார். “மாமனார் வண்டிக்கே கேஸ் நிக்கலையா? அப்ப ஊர் வண்டிக்கு என்ன கதி?”

“நிக்க வைக்கிறேண்ணே.”

“நீ நிக்க வைக்கிறதுக்குள்ள உன் பிள்ளை எழுந்து நிக்கும் போலிருக்கே!”

பட்டறையின் முன் மூலையில், பழைய கார் சீட்டால் செய்த சோபாவில் அம்மாவும் மகளும் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நறுக்கிய பழத்தை நீட்டினாள். மகளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன குட்டிம்மா இது, கால் இப்படி வீங்கியிருக்கு? கடையில நின்னுகிட்டே இருக்கியா?”

“ஸ்டூல் போட்டிருக்காங்கம்மா.”

“ஸ்டூல் போட்டா ஆச்சா? அதுல உட்காரணும்.” கணுக்காலில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தித் தேய்த்தாள். ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கியே வைத்திருந்தாள். அதில் துணி சுற்றியிருந்தது.

“விரல்ல என்னம்மா?”

“அடுப்புல பட்டுடுச்சு. பழத்தைச் சாப்பிடு.”

கூலிங் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினான். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. கேஸ் துளிகூட இல்லை. காண்டென்சர், குழாய், மூட்டு என்று ஒவ்வோர் இடமாகப் போன வாரமே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்திருந்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்கம் போட்டு விட்டுப் பார்த்தபோதும் முள் அசையவில்லை. ஓட்டை இருக்கும் வண்டி வேக்கத்தைப் பிடித்து வைக்காது. இது பிடித்து வைத்தது. இங்கே இருக்கும்வரை ஒழுகாத கார், அவர்கள் வீட்டுக்குப் போனதும் ஒழுகுகிறது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. போன முறை கேஸோடு சேர்த்து ஒரு சாயத்தை ஏற்றி அனுப்பியிருந்தான். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. கேஸ் வெளியேறும் இடத்தில் சாயமும் எண்ணெயோடு வந்து ஒட்டிக்கொள்ளும். இருட்டில் நீல விளக்கை அடித்து, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் பச்சையாக மின்னும். அந்த மஞ்சள் கண்ணாடியைப் பழைய ஃபிரேம் ஒன்றில் குட்டிதான் அவனுக்கு மாட்டிக் கொடுத்திருந்தாள்.

காரைப் பட்டறையின் உட்பகுதிக்குத் தள்ளி, இடையில் தொங்கும் தார்ப்பாய்த் திரையை இழுத்துவிட்டான். பகலிலும் அங்கே இருட்டு கட்டிக்கொண்டது. மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கை அடித்தான். காண்டென்சர் சுத்தம். கம்ப்ரஸர் சுத்தம். குழாய்கள் சுத்தம். வால்வுக்கு வந்தான்.

வால்வு பச்சையாக இருந்தது. அது மட்டுமில்லை, வால்வை ஒட்டிய மட்கார்டு விளிம்பில் சாயம் விசிறி மாதிரி தெறித்துக் கிடந்தது. விசிறியின் நடுவில் மட்டும் விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி, பளிச்சென்று, சாயமே இல்லாமல்.

கூலிங் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கசிவு என்பது அழுகிற மாதிரி. சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே இடத்தில் கசிந்து நிற்கும். இது தும்மின மாதிரி இருந்தது. அதுவும் வால்வின் மூடி ஒழுங்காகத் திருகி மூடியிருக்கிறது. மூடியிருக்கும் வால்வு இவ்வளவு தூரம் தும்மாது. யாரோ மூடியைக் கழற்றி, பின்னை அமுக்கி, கேஸ் முழுவதையும் வெளியே விட்டு, திரும்பவும் மூடியிருக்கிறார்கள். நடுவில் இருந்த இடைவெளி அவர்களுடைய விரல்.

மாமாவா? படியை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவர், என் பேரையும் தெருவில் நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்துவிட்டாரா? பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் ரசிக்கிறாரா? இதைக் குட்டியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த வீட்டோடு மிச்சமிருக்கும் ஒரே இழையும் இன்றோடு அறுந்துவிடும். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் கிடைக்கும் தாய் மடியும் போய்விடும்.

திரை விலகியது. குட்டியின் அம்மா எட்டிப் பார்த்தாள், அவனுக்கு அத்தை.

“மாப்ளே, கண்டுபிடிச்சிட்டீங்களா?” அவள் குரலில் ஆவலைவிடக் கவலை அதிகமாக இருந்தது.

பதில் சொல்லத் திரும்பியவன் கையில் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. நீல வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. புடவைத் தலைப்பின் ஓரத்தில் பொடிப் பொடியாகப் பச்சை. அவள் குனிந்து காரைப் பார்த்தபோது, கொண்டையில் செருகியிருந்த ஹேர்பின்னின் நுனி மின்மினிப் பூச்சிபோல மின்னியது.

“அத்தே,” என்றான் மெதுவாக. “அப்படியே இருங்க. அசையாதீங்க.”

“ஐயோ, என்ன மாப்ளே? பல்லியா?”

“பல்லி இல்ல. ஹேர்பின்.”

அவள் கை தானாகக் கொண்டைக்குப் போனது. பிறகு அவன் கையில் இருந்த விளக்கைப் பார்த்தாள். தன் தலைப்பைப் பார்த்தாள். அப்படியே பக்கத்தில் இருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“அவருக்குத் தெரியாது மாப்ளே. சொல்லிடாதீங்க.”

“எப்படி அத்தே…”

“நீங்க கேஸ் அடைக்கும்போது பார்த்துட்டே இருந்தேன்ல? மூடியைக் கழட்டினா நடுவுல ஊசி மாதிரி ஒண்ணு நிக்குது. அதை அமுக்கினா உஸ்ஸுன்னு போயிடுது. அவர் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார்னா நின்னுபோன ரயில் மாதிரி, அசைய மாட்டார். அந்த நேரத்துல…” மூக்கை உறிஞ்சினாள். “ஒரே ஒரு தடவைதான் பண்ணணும்னு நினைச்சேன். ஆனா சனிக்கிழமை இவளைப் பார்த்துட்டுப் போனா ரெண்டு நாள் மனசு நிறைஞ்சிருக்கும். அப்புறம் கை துறுதுறுங்கும்.”

கூலிங் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “விரலைக் காட்டுங்க.”

“அடுப்புல…”

“காட்டுங்க அத்தே.”

துணியை அவிழ்த்தான். விரல் நுனி வெளுத்து, ஓரத்தில் கொப்பளித்திருந்தது. “இது நெருப்புச் சுட்டது இல்ல. குளிர் சுட்டது. எனக்கும் இருக்கு, பாருங்க.” தன் மணிக்கட்டில் இருந்த பழைய தழும்பைக் காட்டினான். “கேஸ் வெளிய வரும்போது அவ்வளவு குளிர். கண்ணுல தெறிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் அமுக்குவேன். வாயைக்கூட இறுக்கி மூடிப்பேன்.”

“வாயை எதுக்கு?”

“கேஸ் ஆச்சே, வயித்துக்குள்ள போயிடக் கூடாதுல்ல!”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து களிம்பை எடுத்து அவள் விரலில் பூசிவிட்டுப் புதுத் துணி சுற்றினான். சுற்றிய துணியை அவள் மெல்லத் தடவிப் பார்த்தாள். பிறகு, “கேரண்டி அடுத்த மாசம் முடியுது” என்றாள். “பிரசவம் அதுக்கப்புறம்தான். அவர் சொன்னா சொன்னதுதான், கேரண்டி முடிஞ்ச மறுநாள் இந்தத் தெருப்பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டார். இருக்கிற சனிக்கிழமையையாவது விடாம இருக்கலாம்னு பார்த்தேன். இப்ப நீங்க சரி பண்ணிடுவீங்களா?”

“பண்ணத்தான் அத்தே வேணும். இல்லாத கோளாறை இருக்குன்னு சொல்ல எனக்கு வராது. உங்களையும் இனிமே அந்த வால்வுகிட்ட விட முடியாது.”

அவள் தலையாட்டினாள். “அது தெரிஞ்சுதானே உங்களுக்குப் பொண்ணு குடுத்தேன்.”

“நீங்க எங்க குடுத்தீங்க? நாங்களா இல்ல எடுத்துக்கிட்டோம்.”

அழுதுகொண்டே சிரித்தாள் அத்தை. கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி அவன் உள்ளங்கையில் வைத்தாள். கொண்டை சரிந்து தோளில் விழுந்தது.

சாயத்தைத் துடைத்து, வேக்கம் போட்டு, கேஸ் ஏற்றினான். வால்வுக்குப் பூட்டு மூடி ஒன்றைப் போட்டான். அதைத் திறக்கத் தனிச் சாவி வேண்டும். ஹேர்பின்னால் ஆகாது. பிறகு ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டான். அவர் தெருவைக் கடந்து வந்து, வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே நின்றார்.

“என்ன கோளாறு?”

“வால்வுதான் மாமா. இனிமே ஒழுகாது.”

“போன தடவையும் இதையேதான் சொன்னே.”

“இந்தத் தடவை நிச்சயம்.”

அவர் கழுத்தை நீட்டிப் புது மூடியைப் பார்த்தார். பிறகு மனைவியின் சரிந்த கொண்டையைப் பார்த்தார். திரும்பவும் மூடியைப் பார்த்தார்.

“நிச்சயமா?”

“நிச்சயமா மாமா.”

“அப்ப எங்களுக்கு இனிமே இங்க வேலை இல்ல.” கடைசி வண்டி போய்விட்டது என்று பயணிகளுக்கு அறிவிக்கும் குரலில் அதைச் சொன்னார்.

கூலிங் ஓர் அடி முன்னால் வந்தான். “வேலை இல்லன்னாலும் வரலாம் மாமா.”

“வேலை இல்லாம எதுக்கு வரணும்?” என்றார் அவர். காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கார் தெருமுனை திரும்பும்வரை அத்தையின் முகம் பின்பக்கமே திரும்பியிருந்தது.

மாடிக்குப் போய்க் குட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஹேர்பின்னைக் கொடுத்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எங்கம்மாவா? மிக்ஸி ஓடினாலே தள்ளி நிப்பாங்க, அவங்களா?” சிரித்துக்கொண்டே இருந்தவள் ஹேர்பின்னை உற்றுப் பார்த்தாள். “இது என்னோடது. காலேஜ் போறப்ப வச்சிருந்தது. தொலைஞ்சு போச்சுன்னு நினைச்சேன்.” அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டாள்.

“ஊரெல்லாம் உங்க வேலையைத் திட்டினப்ப எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?” என்றாள் விக்கலுக்கு நடுவே. “இப்ப ஏன்தான் சரி பண்ணினீங்களோன்னு இருக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேலையை அரைகுறையாப் பண்ணியிருக்கக் கூடாதா?”

“எனக்கு அது வரல குட்டி.”

“தெரியும். ஜில்லுனு இருந்த காரை அரை நாள் பிரிச்சுப் பார்த்த ஆளுதானே.” அவன் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் நீளமாக இருந்தது. சாயங்காலங்களில் குட்டியின் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டான் கூலிங். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு” என்பாள். அந்தத் ‘தான்’ எதைச் சொல்கிறது என்று அவனுக்குத் தெரியும். அத்தையின் கைப்பதம் அவனுக்கு வரவில்லை. மாமாவுக்குப் பேசலாமா என்று ஃபோனைக் கையில் எடுப்பான். என்ன சொல்வது? வேலை இல்லாமல் எதற்குக் கூப்பிடணும் என்பார். ஃபோனை வைத்துவிடுவான்.

சனிக்கிழமை வந்தது. வழக்கமான நேரத்தில் ஹாரன் கேட்கவில்லை. குட்டி மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்திருந்துவிட்டு, “எனக்குத் தெரியும்” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். நேரத்துக்கு வராத வண்டியை ஸ்டேஷன் மாஸ்டர் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. வரவில்லை என்றால் வரவில்லைதான்.

எதிர்ப் பட்டறையில் பிரேக்காரர் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டினார். “வாழ்த்துகள் கூலிங்! மாமனார் வண்டி நின்னுடுச்சு போல.”

வேறொரு வண்டியின் ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான் கூலிங். ஏர் குழாயின் சத்தத்தில் முதலில் அவனுக்குக் கேட்கவில்லை. குழாயை நிறுத்தியபோது ஹாரன் கேட்டது. ஒன்று. கொஞ்சம் தயங்கி, இன்னொன்று.

சாம்பல் நிறக் கார் வாசலில் வந்து நின்றது. எல்லாக் கண்ணாடிகளும் ஏற்றியிருந்தன. அந்தக் கொளுத்தும் வெயிலில் அவற்றின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. முன் சீட்டில் அத்தை கம்பளிச் சால்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

டிரைவர் கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த குளிர் கூலிங்கின் முழங்காலில் மோதியது. ஸ்டேஷன் மாஸ்டர் இறங்கி நிமிர்ந்தார். வெளிச் சூடு பட்டதுமே அவருடைய மூக்குக் கண்ணாடி பால் ஊற்றியதுபோல வெளுத்துப்போனது. அவர் அதைத் துடைக்கவில்லை. வெளுத்த கண்ணாடியோடு அப்படியே நின்றார்.

“மெக்கானிக்.”

“மாமா.”

“கூலிங் பத்தல.”

எங்கேயோ கேட்ட வார்த்தை. எங்கே என்று நினைவு வந்ததும் கூலிங் தரையைப் பார்த்துக்கொண்டான். சிரித்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

“கேரண்டி இன்னும் முடியல, இல்ல?” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். கேட்ட விதத்தில் அதிகாரம் இல்லை.

“முடியல மாமா.”

“என்னப்பா, மறுபடியுமா?” தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பிரேக்காரர் கத்தினார்.

ஸ்டேஷன் மாஸ்டரின் தோள் லேசாக இறுகியது. காரின் ஏசி துவாரத்தில் ஒரு வெப்பமானியைச் செருகினால் போதும், தெருவே பார்த்துக் கைதட்டும். இத்தனை வாரமாகக் கேட்ட கிண்டலுக்கெல்லாம் பதில் அதில் இருந்தது. கூலிங் அந்தப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“ஆமாண்ணே! இந்த ஒரு வண்டி மட்டும் என் கைக்கு அடங்க மாட்டேங்குது!”

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவன் சொன்ன முதல் பொய் அது. சொல்லி முடித்ததும் ஏனோ உடம்பு லேசாகிவிட்டது.

இரும்புப் படிக்கட்டில் சத்தம் கேட்டது. குட்டி இறங்கி வந்துகொண்டிருந்தாள், வழக்கத்தைவிட வேகமாக. “மெதுவா, மெதுவா” என்று ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் எழுந்தன. ஒன்று கூலிங்குடையது. இன்னொன்று ஸ்டேஷன் மாஸ்டருடையது. மகளிடம் நேராக அவர் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

குட்டி வந்து அப்பாவின் எதிரே நின்றாள். இரண்டு கையாலும் அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“எவ்வளவு கீறல் பாருங்க. இதைப் போட்டுக்கிட்டா வண்டி ஓட்டுறீங்க? துணியால துடைச்சா இன்னும் கெட்டுப்போகும். இதுக்குன்னு தண்ணி இருக்கு, மேல.”

“குடு இங்க. அது இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும். கையைப் பிடிச்சுக்கோங்க.”

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். வாசல் கோட்டைத் தாண்டி இருவரும் நடந்தார்கள்.

“எங்க கூட்டிட்டுப் போறே?”

“நிழலுக்கு.”

அவர் செருப்பு இரும்பில் தட்டியது. நின்றார். கையால் தடவிக் கைப்பிடியைக் கண்டுபிடித்தார். “இது என்ன, படியா?”

“ஆமாப்பா. படி.”

கொஞ்ச நேரம் அவர் அசையவில்லை. பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிளாட்பாரம் முழுவதும் கேட்கிற மாதிரி அறிவித்தார்: “எனக்குக் கண்ணு தெரியல. இவ என்னை எங்க கூட்டிட்டுப் போறான்னு எனக்குத் தெரியாது.”

அறிவித்துவிட்டு ஏறினார். இரண்டு படி போனதும் அவர் குரல் தணிந்தது. “நீ முதல்ல பார்த்து ஏறு. வயித்துப் பிள்ளையை வச்சுக்கிட்டு ஓடி வர்றே. கைப்பிடியை விடாதே. இந்தப் படி என்ன இவ்வளவு ஒடுக்கமா இருக்கு?” யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்று கீழிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

கூலிங் ஓடிப்போய் அத்தை பக்கக் கதவைத் திறந்தான். அவள் சால்வைக்குள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“முதல்ல இந்தச் சனியனை நிறுத்துங்க மாப்ளே. காலையிலேர்ந்து ஊரைச் சுத்தி ஓட்டுறார். ‘கூலிங் குறைஞ்ச மாதிரி இல்ல?’ன்னு கேக்குறார். எனக்குப் பல்லு தந்தி அடிக்குது. இல்லன்னு சொல்ல வாயைத் திறக்க முடியல.”

“பண்ணினது நீங்கதான்னு மாமாவுக்குத் தெரியுமா அத்தே?”

“தெரியுமாவா?” அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். “போன சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் கேக்குறார், ‘விரல் எப்படி இருக்கு?’ன்னு. மத்தியானம் தூங்குறதா நான் நினைச்சுக்கிட்டிருந்தேனே, ‘தண்டவாளத்துக்குப் பக்கத்துல இத்தனை வருஷம் வேலை பார்த்தவன், பானெட் திறக்குற சத்தத்துல தூங்குவான்னு நினைச்சியா?’ங்கிறார். எல்லாத்தையும் ஜன்னல் வழியா பார்த்திருக்கார். ஒரு தடவைகூட எழுந்து வந்து ஏன்னு கேக்கல!” சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள். “நான் போறேன் மாப்ளே. அவர் மிதிச்ச படியை நான் மிதிக்காம இருக்க முடியாதுல்ல.”

பழ டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தன் வயதுக்கு ஆகாத வேகத்தில் அவள் படியேறிப் போனாள்.

கூலிங் காரின் ஏசியை நிறுத்தினான். பானெட்டைத் திறந்து வைத்தான், தெருவுக்கு ஒரு மரியாதைக்காக. பூட்டு மூடி போட்டபடியே இருந்தது. ஒரு துளிக் கசிவு இல்லை. துணியால் அதை ஒரு முறை துடைத்துவிட்டான்.

மேலேயிருந்து பேச்சுச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நாற்காலி இழுபட்டது. குட்டி எதற்கோ சிரித்தாள். மேலே என்ன நடக்கிறது என்று அவன் போய்ப் பார்க்கவில்லை.

“மெக்கானிக்!”

துடைத்த கண்ணாடி பளபளக்க, ஸ்டேஷன் மாஸ்டர் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

“மாமா?”

“இங்க ஒரு ஃபேன் தொங்குதே, அது என்ன ஃபேனா, சரக்கு வண்டியா? தடதடங்குது. குழந்தை எப்படித் தூங்கும்?”

“பார்க்கிறேன் மாமா.”

“நீ ஏசி ஆளு, உனக்கு இதெல்லாம் வராது. நானே பார்த்துக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு மேல வா.” கையை நீட்டினார், கொஞ்சம் யோசித்தார். “ஒரு நாள்ல முடியுற வேலை மாதிரி தெரியல. வாரா வாரம் வந்து பார்க்கணும்.”